சட்டை நுனி

அன்புள்ள சிட்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே யாவரும் சுகம், அங்கே உங்கள் சுகம் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. அம்மா சுகமாகத்தான் இருக்கிறாள். மாடி ஏறும்போது மட்டும் முழங்கால் முனகுகிறதாம். பார், எடுத்த எடுப்பிலேயே மோனை வந்து உட்கார்ந்துகொண்டது. முப்பத்தெட்டு வருஷம் விளம்பரக் கம்பெனியில் வரி எழுதிப் பிழைத்தவன் கை வேறு எப்படிப் போகும்? முழங்கால் வலிக்கிறது, அவ்வளவுதான். இந்தக் கடிதத்தில் ஜோடனை எதுவும் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் உட்கார்ந்தேன். மீறி வந்தால் பொறுத்துக்கொள்.

சமையலறைக் குழாயை மாற்றியாகிவிட்டது. கீழ் வீட்டுத் தையல்காரர் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. மாப்பிள்ளையின் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னாள். இதற்கெல்லாம் கடிதம் எதற்கு, போன் இருக்கிறதே என்று நினைப்பாய். நாம் இரண்டு பேரும் போனில் பேசுகிற லட்சணம் நமக்குத் தெரியாதா? அம்மா என்னிடம் நீட்டுவாள். நீ ஏதோ சொல்லத் தொடங்குவாய். சத்தம் நின்றுவிடும். மூன்று நொடி பொறுக்க மாட்டேன் நான். "பணமா? பயணமா? பார்சலா?" என்று வினாடி வினா நடத்துகிறவன் மாதிரி அடுக்கிக்கொண்டே போவேன். "ஒண்ணுமில்ல, அம்மாட்ட குடுங்க" என்பாய். நீ என்ன சொல்ல வந்தாய் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் தெரிந்துகொண்டதில்லை. சிக்னல் சரியில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

கடிதத்தில் நான் உன் வார்த்தைக்குக் குறுக்கே வர முடியாது. பிடிக்கவில்லை என்றால் நீ பாதியில் மடித்து வைத்துவிட்டு எழுந்து போகலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ பேசினபோது அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை ஈரம் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு மேடைமேல் வைத்திருந்தாள். நான் தண்ணீர் குடிக்க வந்து வாசற்படியில் நின்றேன். "குட்டிக்கும் வருதும்மா. மழைன்னு சொல்ல முடியாம ம... ம...ன்னு நிக்கிறா. எனக்கு உடம்பெல்லாம் நடுங்குது. நீ வா. நீ மட்டும் வா. அவரு வேணாம்" என்று சொன்னாய்.

அவரு. நான் தண்ணீரைக் குடிக்காமலே திரும்பிவிட்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வெட்கமெல்லாம் வரவில்லை. கோபம்தான் வந்தது. நீ போனை வைத்ததும் அம்மாவிடம் குதித்தேன். என் பேத்தியைப் பார்க்க எனக்கு எவரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று கத்தினேன். "அப்படி என்னத்த நான் பண்ணிட்டேன்?" என்று நாலு தரம் கேட்டேன். அம்மா கத்தியைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய், பீரோவில் துணி மடிப்புக்குள்ளிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். "மொதல்ல இதப் படிங்க. படிச்சிட்டு அப்புறமா என்ன பண்ணிட்டேன்னு கேளுங்க" என்றாள். 

நீ வேலைக்குக் கிளம்பிப் போனபோது பழைய பேப்பர்காரனுக்குப் போட வைத்த காகிதக் கட்டுக்குள் அந்த நோட்டு இருந்ததாம். அவள் எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறாள். பதினொரு வயதில் நீ எழுதியது. நீல அட்டை. ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்து நடுவில் கோடு போட்டிருக்கிறாய். இடது பக்கம் 'வராதது' என்று தலைப்பு. வலது பக்கம் 'வரும்'.

என்னவோ கணக்குப் பாடம் என்றுதான் நினைத்தேன். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். பால் என்பதற்கு எதிரே 'இன்னும் தயிர் ஆகாதது.' பள்ளி என்பதற்கு 'மணிக்கு அடங்குற வீடு.' பயம் என்பதற்கு 'வயித்துக்குள்ள லிஃப்ட் இறங்குது.' பனிக்காலத்தில் உடம்பு சுட்டால் 'பனிக்காய்ச்சல்' என்போமே, அதற்கு எதிரே 'உடம்புக்குள்ள வெயில்.' ப-வில் தொடங்கும் ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி இடது பக்கம் வைத்திருக்கிறாய். அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போக வலது பக்கத்தில் வழி போட்டிருக்கிறாய். கடைக்காரரிடம், டீச்சரிடம், பக்கத்து பெஞ்சுக்காரியிடம், எல்லோரிடமும் இப்படிச் சுற்றிச் சுற்றித்தான் பேசியிருக்கிறாய். நூற்றுப் பன்னிரண்டு சொற்கள். எண்ணிவிட்டேன்.

சிட்டு, நான் என் தொழிலைப் பற்றி எவ்வளவு பீற்றிக்கொண்டிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஆபீசில் எனக்கு மோனைக்காரர் என்றே பெயர். பூட்டுக் கம்பெனிக்கு 'எட்டுத் திக்கும் தட்டிப் பார், கெட்டிப் பூட்டு, கிட்டே வராது கெட்ட கை' என்று எழுதினேன். ட்ட, ட்ட என்று திரும்பத் திரும்ப விழுந்தால் நாதாங்கி விழுகிற சத்தம் கேட்கும். கேட்டவன் கடையில் பூட்டை இழுத்துக்கூடப் பார்க்க மாட்டான். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் என்றால் ல, ள, ழ மூன்றையும் குழைத்து விடுவேன், சொல்லும்போதே நாக்கு வழுக்கும். பிஸ்கட்டுக்கு மொறுமொறு. காது ஒத்துக்கொண்டால் புத்தி கேள்வி கேட்காது என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வேன். யோசிக்க விடாமல் தலையாட்ட வைப்பதுதான் என் சாமர்த்தியமாக இருந்தது.

உன் நோட்டில் பூட்டுக்கு எதிரே 'வீடு உதட்ட மூடிக்கிச்சு' என்று இருக்கிறது. மோனை இல்லை, எதுகை இல்லை, சந்தம் இல்லை. அதைப் படித்துவிட்டு நம் வீட்டு வாசல் கதவை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 'உடம்புக்குள்ள வெயில்' என்று படித்தபோது என் நெற்றி சுட்டது. என்னுடைய ஆயிரம் வரிகளில் ஒன்றுகூட எவன் நெற்றியையும் சுட்டதில்லை. ஆனால் இதைப் பாராட்டாக எழுதவில்லை, சிட்டு. பாராட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை. மூச்சு முட்டுகிறவன் ஜன்னலை உடைக்கிற மாதிரி நீ அந்த வரிகளைச் செய்திருக்கிறாய். மூச்சை முட்ட வைத்தது யார் என்பதுதான் விஷயம்.

கடைசிப் பக்கங்களில் 'என் பெயர்' என்று எழுதி, எதிரே 'சிட்டுன்னு சொல்லிடலாம்' என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தலையில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. நீயாகத்தான் உனக்குச் சிட்டு என்று வைத்துக்கொண்டாய், நாங்கள் அதைச் செல்லம் என்று நினைத்து எல்லோரும் அப்படியே கூப்பிட்டோம். உன் பெயரை வைத்தது நான். ஆஸ்பத்திரியில் அம்மா வேறு ஒரு பெயர் சொன்னாள். மெல்லிசாக, நல்ல பெயர். நான்தான் என் பெயரின் முதலெழுத்தோடு சேர வேண்டும் என்று பிடிவாதமாக ப-வில் வைத்தேன். அப்பனும் மகளும் ஒரு வரியில் வந்தால் மோனை அமையுமாம். உன் பெயரை உன் வாயாலே சொல்ல முடியாமல் செய்துவிட்டு, எவ்வளவு பொருத்தம் பார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதுவரை எழுதியதற்கே கை கூசுகிறது. அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு "அந்த விழாவப் பத்தி எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். சரியாகத்தான் சொல்கிறாள்.

பற்பொடிக் கம்பெனியின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா. நம் ஆபீசுக்கு அவர்கள்தான் பெரிய கஸ்டமர். ஒரு குழந்தை மேடையேறி வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். ஆபீஸ் ஓவியர் மகளை அனுப்பலாம், அவள் கிளி மாதிரி ஒப்பிப்பாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நான்தான் விடவில்லை. என் பாட்டை என் மகள் சொல்ல வேண்டும் என்று ஆசை. உனக்குப் பேச்சு தடுக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கே தடுக்கிறதோ அங்கேயே ஓட்டினால் வழிக்கு வந்துவிடும் என்று நான்பாட்டுக்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். சைக்கிள் கற்றுக்கொடுக்கிறதும் இதுவும் ஒன்று என்று நினைத்த மடையன் நான்.

'பளிங்குப் பல்லாய்ப் பளபளக்கப் பவளப் பொடியால் பல்துலக்கு, பாலர் முதலாய்ப் பாட்டன் வரை பயன்படுத்தும் பொடி பார்.' இப்படி எட்டு வரி. வீட்டில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து சொல்லிப் பார்ப்போம், ஞாபகம் இருக்கிறதா? சேர்ந்து சொன்னபோது உனக்கு ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. நான் துள்ளிக் குதித்தேன். வைத்தியம் பலித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். சேர்ந்து சொல்வது வேறு, தன்னந்தனியாக மைக் முன்னால் நின்று சொல்வது வேறு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று திரைக்குப் பின்னால் நின்றோம். நான் இஸ்திரி போட்ட கிரீம் கலர் சட்டை போட்டுக்கொண்டு, பற்பொடி முதலாளி எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பின்னாலிருந்து என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாய். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. "சட்டை கசங்குது, விடு. போ, போ, உன்னத்தான் கூப்பிடுறாங்க" என்று உன் விரலைப் பிரித்து விட்டேன். விரல் ஜில்லென்று இருந்தது. அது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

நீ மைக் முன்னால் போய் நின்றாய். உதடு மூடியது. திறக்கவே இல்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரம் வந்ததில்லை. அப்புறம் நீ கண்ணை மூடித் திறந்து, தெளிவாகச் சொன்னாய். "சிரிச்சா வாய்க்குள்ள விளக்கு எரியும். அத அணைச்சிடாதீங்க."

முன்வரிசையில் முதலாளியின் மனைவி விசிறிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார். ஹாலே அமைதியாக இருந்தது. அந்த அமைதி என்ன அமைதி என்று புரிந்துகொள்ளத்தான் நான் தொழில் கற்றிருந்தேன். ஆனால் எனக்குப் பட்டது ஒன்றே ஒன்று, நீ என் வரியை விட்டுவிட்டாய். உடனே திரை ஓரத்திலிருந்து "ப! ப! பளிங்கு!" என்று கத்தினேன். பக்கத்தில் இன்னொரு மைக் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஹால் முழுக்க "ப! ப!" என்று ஒலித்தது. எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

நீ அந்தப் பக்கமாக இறங்கிப் போய்விட்டாய். நான் உன் பின்னால் வரவில்லை. மேடையேறி, "பிள்ளைக்கு மறந்துபோச்சு" என்று சொல்லி, எட்டு வரியையும் நானே ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். கைதட்டினார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன். வெளியே வந்து பார்த்தால் நீ அம்மா மடியில் முகத்தை வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாய். பாட்டு எப்படி இருந்தது என்று நான் அம்மாவிடம் கேட்டேன். ஆமாம், அதைத்தான் கேட்டேன்.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் உன்னைப் பார்த்தாலே "ப! ப!" என்று சொன்னார்களாம். ஆபீஸ்காரர்கள் பிள்ளைகள் பாதிப் பேர் உன் பள்ளிதானே. அதை அம்மா எனக்கு இப்போதுதான் சொன்னாள். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீங்க அதுக்கும் ஒரு பாட்டு எழுதிருப்பீங்க" என்றாள். சிரிப்பு வந்தது, சிட்டு. சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

நேற்று அந்த எட்டு வரியையும் ஒரு தாளில் எழுதி, கண்ணாடி முன்னால் நின்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். ப சொல்ல வேண்டுமானால் இரண்டு உதடும் இறுக்கி மூட வேண்டும். ம-வுக்கும் மூடும்தான், ஆனால் மூக்கு வழியாகக் காற்று போய்விடும். ப-வில் காற்றுக்கு வழியே இல்லை. ஓசையை விற்றுச் சாப்பிட்டவன் அறுபத்தெட்டு வயதில் இதைக் கவனிக்கிறேன். எட்டு வரியில் முப்பத்தொரு ப. நான் உனக்கு எழுதிக் கொடுத்தது பாட்டு இல்லை. முப்பத்தொரு தடவை உன் வாயை மூடச் சொல்லியிருக்கிறேன்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று பார்த்தேன். நிறுத்தினால் நான் வெறும் முட்டாள் என்று ஆகும். முட்டாள் என்றால் மன்னித்துவிடலாம். ஆனால் நான் அதைவிட மோசம்.

அடுத்த வருஷம் அதே முதலாளி என்னைக் கூப்பிட்டு, "தாளம் போட்டது போதும். மனசுல நிக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க" என்றார். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். நாலாம் நாள் 'சிரியுங்கள். வாய்க்குள் ஒரு விளக்கு எரியட்டும்' என்று எழுதிக் கொண்டுபோனேன். முதலாளி எழுந்து நின்று கை கொடுத்தார். ரேடியோவில் ஒன்பது வருஷம் ஓடியது. தினமும் காலையில், நீ பள்ளிக்குத் தலை வாரிக்கொள்கிற அதே நேரத்தில் ஓடியது. அதற்குத்தான் எனக்குக் கேடயம் கொடுத்தார்கள், தனி அறை கொடுத்தார்கள். எப்படித் தோன்றியது என்று பேட்டி எடுத்தவர் கேட்டதற்கு, ஜன்னல் ஓரம் நின்றுகொண்டிருந்தேன், தானாக வந்தது என்று சொன்னேன். பேட்டி நம் வீட்டுக் கூடத்தில்தான் நடந்தது. நீ பக்கத்தில் ஷோகேஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாய். துடைப்பதை நீ நிறுத்தக்கூட இல்லை.

உன் நோட்டில் மூன்றாம் பக்கத்திலேயே பல் என்பதற்கு எதிரே அந்த விளக்கு இருக்கிறது. விழாவுக்கு முன்னாலேயே எழுதியிருக்கிறாய்.

இந்தக் கடிதத்தை முதலில் எழுதியபோது, அது உன் வரி என்பதே எனக்கு ஞாபகம் இல்லை, எங்கேயோ மனதின் அடியில் கிடந்து தானாக மேலே வந்திருக்கும் என்று ஒரு பக்கம் எழுதினேன். நன்றாக இருந்தது, நம்பும்படி இருந்தது. அதனாலேயே கிழித்துப் போட்டேன். தெரியும், சிட்டு. எழுதும்போதே அது உன்னுடையது என்று எனக்குத் தெரியும். குழந்தை சொன்னதுதானே, வீட்டுச் சொத்துதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ சொன்னபோது பிழை என்று கத்தினேன், நான் சொன்னபோது கேடயம் வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் ஆபீசுக்குப் போய், இப்போது இருக்கிற மேனேஜர் பெண்ணிடம் அந்த வரி என் மகளுடையது, ரெக்கார்டில் மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "சார், அந்தப் பற்பொடியே இப்ப இல்ல சார். யாரு கேக்கப்போறாங்க?" என்றாள். யாரும் கேட்க வேண்டாம், ஃபைலில் இருந்தால் போதும் என்று சொல்லி, சீல் வைத்து நகல் வாங்கிவந்தேன். அம்மா கொண்டுவருவாள். கேடயத்தை ஷோகேஸிலிருந்து எடுத்துவிட்டேன். அது இருந்த இடத்தில் தூசி படியாத வட்டம் ஒன்று தெரிகிறது. அம்மா அதைத் துடைக்காமல் விட்டுவைத்திருக்கிறாள். வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன்.

உன் நோட்டும் அம்மாவோடு வருகிறது. இந்தக் கடிதத்தில் எழுதியதைத் தவிர அதிலிருந்து ஒரு வரிகூட நான் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. ஆசை வந்தது. இந்த வயதிலும், இவ்வளவு வெட்கத்துக்கு நடுவிலும், இதையெல்லாம் எங்காவது எழுதி வைத்துக்கொள்ளலாமே என்று கை பரபரத்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

குட்டியைப் பற்றி உனக்கு யோசனை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மையார் ஒருவரைத் தேடிப்போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றரை வயதில் நிறையப் பிள்ளைகளுக்கு இப்படி வருமாம், பாதிக்கு மேல் தானாகவே போய்விடுமாம். "போகலேன்னாலும் ஒண்ணும் குறைஞ்சிடாது. நீங்கதான் காத்திருக்கக் கத்துக்கணும்" என்றார். உட்கார வைத்து ஒரு பரீட்சை வைத்தார். அவர் பாதி வாக்கியத்தில் நிறுத்துவார், நான் வாயைத் திறக்கக் கூடாது. நாலு நொடிக்கு மேல் தாங்கவில்லை. அவரே என்னைப் பாவமாகப் பார்த்தார்.

இப்போது அம்மாவோடு தினமும் பயிற்சி நடக்கிறது. அவளுக்கு ஒரே குஷி. கல்யாணமான நாளிலிருந்து அவள் பேச்சை நான் முடித்து வைத்ததற்கெல்லாம் சேர்த்துப் பழிவாங்குகிறாள். முந்தாநாள் "அடுப்புல..." என்று சொல்லி நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்துவிட்டது. இப்போது பதினைந்து வரை எண்ண முடிகிறது. ஊருக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை. எனக்குப் பெரிய விஷயம்.

ஒன்றே ஒன்று பாக்கி. நோட்டின் கடைசி வரி. இடது பக்கம் 'அப்பா' என்று எழுதியிருக்கிறாய். அம்மா என்ற சொல் இடது பக்கத்தில் எங்கேயும் இல்லை, தேடிவிட்டேன். அப்பா மட்டும்தான் இருக்கிறது. அதற்கு எதிரே, 'சட்டைய இழுத்தா திரும்பிடுவாங்க.'

நூற்றுப் பன்னிரண்டு சொல்லுக்கும் உனக்கு வேறு சொல் கிடைத்திருக்கிறது. 'அப்பா' என்பதற்கு மட்டும் கிடைக்கவில்லை. சொல் இல்லாமல் சட்டையைப் பிடித்திருக்கிறாய். பேனா கேட்க, தண்ணீர் கேட்க, கையெழுத்துக் கேட்க என்று நீ எப்போதும் பின்னால் வந்து சட்டையை இழுத்தது எனக்கு ஞாபகம் வருகிறது. வாய் இருக்குதில்ல, வாயத் தொறந்து கூப்பிடு என்று திட்டியதும் ஞாபகம் வருகிறது. அன்று திரைக்குப் பின்னால் நீ இரண்டு முறை அப்பா, அப்பா என்று கூப்பிட்டிருக்கிறாய். சட்டை கசங்குகிறது என்றேன். அப்புறம் தனி அறை வந்தது, பெரிய மனுஷனாகிவிட்டேன், சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட ஆரம்பித்தேன். வீட்டிலும் அப்படியே திரிந்தேன். உனக்குப் பிடிக்க நுனி இல்லாமல் போயிற்று. யோசித்துப் பார்த்தால் அந்த வருஷத்திலிருந்து நீ என்னைக் கூப்பிட்டதே இல்லை. 'அவரு' என்றதற்குப் போய் நான் கோபப்பட்டேன். பாவம், வேறு என்னதான் சொல்வாய்?

அம்மா அடுத்த மாதம் பத்தாம் தேதி கிளம்புகிறாள். தனியாகத்தான் வருகிறாள். நீ சொன்னது சொன்னதுதான், நான் ஸ்டேஷனில் ஏற்றிவிட்டுத் திரும்பிவிடுவேன். குட்டி ஒவ்வொரு சொல்லையும் தன் இஷ்டத்துக்கு, தனக்கு வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு சொல்லட்டும். அவள் சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே வராமல் இருக்கட்டும். மாப்பிள்ளை நிதானமானவர், அவரிடம் அவள் நன்றாக இருப்பாள். நீ பயப்படாதே. நீ அவளுக்கு அம்மா. அப்பா மாதிரி இல்லை.

நானும் வரட்டுமா என்று கேட்கக் கூடாது என்று நினைத்துத்தான் எழுதத் தொடங்கினேன். மனசு கேட்கவில்லை, கேட்டுவிட்டேன். இப்போது வேண்டாம், என்றைக்காவது. அதற்கு நீ போன் செய்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சொல்லும் வேண்டாம்.

அம்மா என்னைப் பார்த்துக் கேலி செய்கிறாள், இந்த வயதில் இது என்ன கோலம் என்று. பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டேன். இப்போதெல்லாம் சட்டையை வெளியே விட்டுத்தான் போட்டுக்கொள்கிறேன், சிட்டு.

இப்படிக்கு,
அப்பா